அழிவுக்கு எத்தனை பெயர்?

செத்தவனுக்குச் சாவு ஒன்றுதான். ஆனால் அந்தச் சாவைக் காகிதத்தில் எழுதுகிறவனுக்கு நூறு சொற்கள் இருக்கின்றன. இடிந்த வீட்டுக்கு இடிவு ஒன்றுதான். ஆனால் அந்த இடிவை அளக்க வருகிறவன் பையிலே பத்துச் சொற்கள் இருக்கின்றன. அந்தப் பத்தில் எதை எடுத்து எழுதுகிறான் என்பதைப் பொறுத்தே, இடிந்த வீட்டுக்காரன் மறுபடி கூரை போடுவானா, மரத்தடியில் மழையில் நனைவானா என்பது முடிவாகிறது!

சொல்தானே, சொல்லில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. சொல்லில் சோறு இருக்கிறது, தோழர்களே! சொல்லில் கூரை இருக்கிறது. சொல்லில் அடுத்த போகத்துக்கான விதை இருக்கிறது. ஒரு சொல்லை மாற்றி எழுதினால் சோறு மறைகிறது, கூரை பறக்கிறது, விதை முளைக்காமலே மடிகிறது. நம்மை ஆண்டவர்கள் இதை நன்றாக அறிந்திருந்தார்கள். ஆளப்பட்டவர்கள்தான் அறியாமல் இருந்தார்கள்.

அகராதி என்னும் ஆயுதக் கிடங்கு

ஆங்கில அகராதியைப் புரட்டிப் பாருங்கள். அன்பைக் குறிக்கும் சொற்களைத் தேடினால் சில கிடைக்கும். அழிவைக் குறிக்கும் சொற்களைத் தேடினால் பட்டாளமே அணிவகுத்து வரும். 'டெஸ்ட்ராய்' என்று ஒன்று. 'டெவஸ்டேட்' என்று ஒன்று. 'அனைஹிலேட்', 'டெசிமேட்', 'டிமாலிஷ்', 'ரேவேஜ்', 'ரேஸ்', 'ஆப்ளிட்டரேட்', 'ஹேவக்', 'ரூயின்', 'கலாமிட்டி', 'கெடஸ்ட்ரஃபி', 'டிசாஸ்டர்' என்று வரிசை நீளுகிறது. கல்லூரி வாயிலை மிதிக்காமல், பள்ளிப் படிப்போடு நின்று, பழைய ஏடுகளையும் பழைய அகராதியையும் துணையாகக் கொண்டு ஆங்கிலம் கற்றவர்கள் நம்மில் ஏராளம். அந்த வரிசையில் நானும் ஒருவன். எல்லாச் சொல்லுக்கும் எதிரே 'அழித்தல், அழித்தல்' என்றே அகராதி சொல்லும்போது நமக்குச் சலிப்பு வரும். எல்லாம் ஒன்றுதானா? ஒன்றுதான் என்றால் இத்தனை எதற்கு?

ஒன்றல்ல, தோழர்களே! ஒவ்வொன்றின் வயிற்றிலும் ஒரு வரலாறு இருக்கிறது.

'டெஸ்ட்ராய்' என்பது அடுக்கியதைக் கலைப்பது, கட்டியதைப் பிரிப்பது. 'டெவஸ்டேட்' என்பது வெறுமையாக்குவது. குடியிருந்த இடத்தைக் குடியற்ற பொட்டலாக்குவது. 'அனைஹிலேட்' என்பது இன்மையாக்குவது. இருந்ததற்கு அடையாளமே இல்லாமல் செய்வது. 'ரேஸ்' என்பது சுரண்டி எடுப்பது. தரையோடு தரையாக வழித்தெறிவது. 'ஆப்ளிட்டரேட்' இருக்கிறதே, அது இன்னும் நுட்பமானது. எழுத்தை அழிப்பது என்பது அதன் வேர்ப்பொருள். ஊரை அழித்தால் போதாது, ஊரின் பெயரையும் ஏட்டிலிருந்து அழிக்க வேண்டும் என்பவனின் சொல் அது.

'ஹேவக்' என்றால் இன்று பெருங்குழப்பம், பேரழிவு என்கிறார்கள். பழைய நாளில் அது ஒரு கட்டளை! படைத்தலைவன் அந்தச் சொல்லை முழங்கினால், வீரர்கள் கொள்ளையிடலாம் என்று பொருள். சொல் பிறந்த அடுத்த நொடியில் சூறையாடல் தொடங்கிவிடும்.

'டெசிமேட்' என்ற சொல்லின் கதை கொடியது. ரோமாபுரிப் படையில் ஓர் அணி கலகம் செய்தால், கோழைத்தனம் காட்டினால், சீட்டுப் போட்டுப் பத்துப் பேரில் ஒருவனைப் பிரித்தெடுப்பார்கள். மிச்சமுள்ள ஒன்பது பேரே அவனை அடித்துக் கொல்ல வேண்டும். பத்தில் ஒன்று! அதுதான் அந்தச் சொல்லின் கணக்கு. இன்று அதே சொல்லை, முழுக்க அழிந்துபோனதற்கும் எழுதுகிறார்கள். இந்தப் 'பத்தில் ஒன்று' என்ற கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேலை இருக்கிறது.

'டிசாஸ்டர்' என்ற சொல்லைக் கேட்டால் பகுத்தறிவாளர்கள் சிரிப்பார்கள். கெட்ட விண்மீன் என்பது அதன் பொருள்! அணை உடைந்தால் விண்மீன் காரணம். வெள்ளம் வந்தால் விண்மீன் காரணம். ஊழல் செய்த ஒப்பந்தக்காரனும் காரணமல்ல, உறங்கிக் கிடந்த அதிகாரியும் காரணமல்ல. 'நம்ம கிரகம் சரியில்லை' என்று இங்கே புலம்புகிறவனைப் பார்த்து ஏளனம் செய்யும் ஆங்கிலம் படித்த மேதைகளே! நீங்கள் நாள்தோறும் கோப்பிலே எழுதும் சொல்லுக்குள்ளும் அதே சோதிடர்தான் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார்!

தமிழுக்கு இந்தச் செல்வம் இல்லையா? இருக்கிறது. அழிவு, கேடு, சிதைவு, பாழ், இடர், சூறை, ஊழி என்று ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு முகம். நாசம், நஷ்டம், துவம்சம், நிர்மூலம் என்று வடமொழியிலிருந்து வந்து குடியேறியவை வேறு. கடல் பொங்கி ஊரை விழுங்குவதற்கு என்றே 'கடல்கோள்' என்று ஒரு சொல்லை வைத்திருந்த இனம் இது. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் கடல் வந்து ஏறத்தாழ 8,000 தமிழர்களைக் கொண்டுபோன காலையில், அந்தச் சொல் நம் நாவில் இல்லை. 'துறைமுக அலை' என்று பொருள்படும் சப்பானியச் சொல்லைக் கடன் வாங்கி 'சுனாமி' என்றோம். சொல்லை மறந்த இனம், அந்தச் சொல் சுமந்து வந்த எச்சரிக்கையையும் மறந்திருந்தது. பின்னரே 'ஆழிப்பேரலை' என்று புதிதாகப் பெயரிட்டோம்.

சொல்லாக வந்தது, செயலாக நின்றது

ஆங்கிலச் சொற்கள் நம் நாட்டுக்குப் பள்ளிக்கூடத்தின் வழியாக மட்டும் வரவில்லை. பீரங்கியின் வழியாகவும் வந்தன.

பாஞ்சாலங்குறிச்சியை நினைத்துப் பாருங்கள். 1799-இல் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டான். 1801-இல் ஊமைத்துரை சிறையிலிருந்து தப்பி வந்து, இடித்த கோட்டையை மறுபடி எழுப்பினான். அந்த ஆண்டு மே மாதம் கம்பெனிப் படை அதை வீழ்த்தியது. பிறகு செய்தது என்ன? கோட்டையைத் தரைமட்டமாக்கினார்கள். அந்த மண்ணை ஏர் பூட்டி உழுதார்கள். ஆமணக்கும் உப்பும் விதைத்தார்கள். அதோடும் மனம் ஆறவில்லை. பாஞ்சாலங்குறிச்சி என்ற பெயரையே அரசாங்க ஏடுகளிலிருந்து நீக்கினார்கள். சுரண்டித் தரையாக்குவது 'ரேஸ்' அல்லவா? எழுத்தையே அழிப்பது 'ஆப்ளிட்டரேட்' அல்லவா? அகராதியில் இருந்த இரண்டு சொற்களை அவர்கள் நம் மண்ணில் செயலாகச் செய்து காட்டினார்கள்!

பகைவன் நிலத்தைக் கழுதை பூட்டிய ஏரால் உழுது பாழாக்குவது பழந்தமிழ் வேந்தர்களும் செய்த கொடுமைதான். புறநானூறு அதை மறைக்கவில்லை. எரித்தான், உழுதான், பாழாக்கினான் என்று புலவர்கள் உள்ளதை உள்ளபடி சொன்னார்கள். நம் முன்னோர் செய்ததாலேயே அது நல்லதாகிவிடாது. ஆனால் கொடுமை செய்தவன் கொடுமையைக் கொடுமையின் பெயராலேயே அழைத்தான். கம்பெனிக்காரன் அப்படியா? கோட்டையைப் பிடித்தால் 'ரெட்யூஸ்' செய்தேன் என்பான், அதாவது குறைத்தானாம்! ஊரை ஒடுக்கினால் அமைதி நிலைநாட்டினேன் என்பான். சுடுகாட்டு அமைதியும் அமைதிதானே!

திண்டுக்கல்லும் அந்தக் கதையில் இருக்கிறது. 1790-இல் இந்த மலைக்கோட்டை ஆங்கிலேயர் கைக்கு வந்தது. 1792 உடன்படிக்கையில் இந்தச் சீமையே அவர்களுக்கு எழுதிக் கொடுக்கப்பட்டது. விருப்பாச்சிப் பாளையத்துக் கோபால நாயக்கர் பாளையக்காரர்களை ஒன்று திரட்டி எதிர்த்து நின்றார்; 1801-இல் தூக்கிலிடப்பட்டார். விடுதலைக்காக எழுந்தவனைக் 'கலகக்காரன்' என்று ஆங்கில ஏடு எழுதியது. அழித்தவன் சொல் ஏட்டில் நின்றது. அழிந்தவன் சொல் மக்கள் வாயில் நின்றது.

பஞ்சத்துக்குப் பஞ்சம் என்று பெயரில்லை!

1876-இல் தொடங்கி 1878 வரை சென்னை மாகாணத்தைச் சுட்டெரித்த பஞ்சத்தை நம் பாட்டன்மார் 'தாது வருசத்துப் பஞ்சம்' என்றார்கள். பல இலட்சம் மக்கள் மடிந்தார்கள். அந்தப் பஞ்சத்தின் நடுவிலே, 1877-ஆம் ஆண்டு சனவரி முதல் நாள், விக்டோரியாவைப் பேரரசியாக அறிவிக்க டில்லியிலே தர்பார்! அதே மாதத்தில் செலவைக் குறைக்கச் சென்னைக்கு அனுப்பப்பட்டவர் ரிச்சர்டு டெம்பிள். நிவாரண வேலை செய்கிறவனுக்கு நாளுக்கு ஒரு பவுண்டு தானியம் போதும் என்று கூலியை வெட்டினார். மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் என்ற வெள்ளையரே, இது உயிர் வாழப் போதாது என்று எதிர்த்தார்.

பஞ்சம் ஓய்ந்த பிறகு ஆணையம் போட்டார்கள். 1880-களில் பஞ்ச விதித் தொகுப்பு எழுதினார்கள். அதில் படிகள் வகுத்தார்கள். முதலில் தட்டுப்பாட்டுக்கு அருகான நிலை. அடுத்தது தட்டுப்பாடு. கடைசியில்தான் பஞ்சம். பஞ்சம் என்று அறிவித்தால் அரசு வேலை தர வேண்டும், உணவு தர வேண்டும். அறிவிக்காவிட்டால்? கடமையும் இல்லை!

இந்தச் சொல் விளையாட்டின் உச்சத்தை 1943-இல் வங்காளம் கண்டது. கல்கத்தாத் தெருக்களில் பிணங்கள் கிடந்தன. ஏறத்தாழ 30 இலட்சம் பேர் மாண்டார்கள் என்பது பொதுவாக ஏற்கப்படும் மதிப்பீடு. ஆனால் விதித் தொகுப்பின்படி 'பஞ்சம்' என்ற அறிவிப்பை அரசு செய்யவே இல்லை. செய்திருந்தால் விதி சொன்ன நிவாரணத்தைத் தந்தாக வேண்டுமே! ஒரு சொல்லை எழுத மறுத்தார்கள். அந்த மறுப்புக்கு மக்கள் உயிரால் விலை கொடுத்தார்கள்.

வெள்ளையன் காலம் முடிந்துவிட்டது, அந்தப் பழைய கதை எதற்கு என்று கேட்கிறீர்களா? கேளுங்கள், இன்றைய கதையை!

முழுசா, பகுதியா?

2005-ஆம் ஆண்டு பேரிடர் மேலாண்மைச் சட்டத்தை எடுத்துப் படியுங்கள். 'டிசாஸ்டர்' என்றால் என்ன என்று சட்டம் விளக்குகிறது. 'கெடஸ்ட்ரஃபி' என்கிறது, 'மிஸ்ஹாப்' என்கிறது, 'கலாமிட்டி' என்கிறது, 'கடுமையான நிகழ்வு' என்கிறது. ஒரு சொல்லுக்கு விளக்கம் கேட்டால் நான்கு மாற்றுச் சொற்களை வரிசையாக நிறுத்துகிறது! மலை சரிவதும் அதில்தான், சிறு விபத்தைக் குறிக்கும் சொல்லும் அதில்தான். உயிர்ச்சேதமோ பொருட்சேதமோ கணிசமாக இருக்க வேண்டும். அந்த வட்டாரத்து மக்களின் தாங்கும் ஆற்றலை மீறியிருக்க வேண்டும் என்கிறது. கணிசம் என்றால் எவ்வளவு? எந்த மரக்காலால் அளப்பது? அங்கே சட்டம் வாய் திறக்கவில்லை.

ஆனால் நிவாரண விதிகளுக்கு வந்தால் மரக்கால் உண்டு, உழக்கும் உண்டு, ஆழாக்கும் உண்டு! வீடு முழுதாகச் சேதமா, கடுமையாகச் சேதமா, பகுதியாகச் சேதமா என்று படிகள். பகுதி என்றாலும் குறைந்தது 15 விழுக்காடு சேதப்பட்டிருக்க வேண்டும். குடிசைக்குத் தனிப் படி. பயிர் என்றால் 33 விழுக்காடாவது அழிந்திருக்க வேண்டும். 2015-க்கு முன்பு 50 விழுக்காடு! அதாவது, பாதிப் பயிர் போகாதவனுக்குப் பயிர் போகவே இல்லை என்று பொருள்.

வேடசந்தூர்ப் பக்கத்திலோ நத்தம் பக்கத்திலோ ஒரு சிற்றூரில் கணக்கெடுப்பு எப்படி நடக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

"ஐயா, எல்லாம் போச்சுங்கய்யா!"

"எல்லாம் என்றால்? முழுச் சேதமா, பகுதிச் சேதமா?"

"கூரை பறந்துபோச்சு. ஒரு பக்கத்துச் சுவரு விழுந்துபோச்சு. மிச்சச் சுவரு விரிசல் விட்டு நிக்குதுங்கய்யா."

"நிற்கிறது அல்லவா? அப்படியானால் பகுதி!"

'எல்லாம்' என்று உழவன் சொன்னது காகிதத்திலே 'பகுதி' ஆயிற்று! அந்த விரிசல் சுவருக்குக் கீழே பிள்ளைகளைப் படுக்கவைக்க முடியாது என்பது அவனுக்குத் தெரியும். படிவத்துக்குத் தெரியாது.

ஊருக்கு ஊர் நடப்பதே மாநிலத்துக்கும் நடக்கிறது. 2016-இல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62 விழுக்காடு பொய்த்தது. 2017 சனவரி 10-ஆம் நாள் அன்றிருந்த 32 மாவட்டங்களும் வறட்சி மாவட்டங்கள் என அறிவிக்கப்பட்டன. திண்டுக்கல்லும் அதில் ஒன்று. வறட்சியிலும் இரண்டு படி வைத்திருக்கிறார்கள், தோழர்களே! 2016-ஆம் ஆண்டு வறட்சிக் கையேட்டின்படி 'மிதமான வறட்சி', 'கடுமையான வறட்சி' என்று இரண்டு. மிதமான வறட்சிக்குத் தேசியப் பேரிடர் நிதி கிடையாது. தாகத்திலே மிதமான தாகம் உண்டா? கிணற்றின் அடியிலே மண் தெரிந்த பிறகு அது மிதமா, கடுமையா? மாநிலம் கேட்டது ரூ.39,565 கோடி. ஒன்றியம் ஒப்புதல் அளித்தது ரூ.1,748 கோடி.

2018 நவம்பர் 16-ஆம் நாள் விடியுமுன் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய கசாப் புயல், சோழ நாட்டுத் தென்னைகளைச் சாய்த்துவிட்டுத் திண்டுக்கல் சீமையின் மேலும் நடந்து, கொடைக்கானல் மலையில் மரங்களை முறித்துப்போட்டு, மேலைக் கடலுக்குப் போய்ச் சேர்ந்தது. மாநிலம் கேட்டது ரூ.15,000 கோடி. அந்த ஆண்டின் கடைசி நாளில் ஒப்புதல் வந்தது ரூ.1,146 கோடிக்கு.

2023 டிசம்பரில் சென்னையை மிக்சாம் புயல் மூழ்கடித்தது. அதே மாதம் 17, 18 நாட்களில் தென்மாவட்டங்கள் மிதந்தன. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை! ஓராண்டில் பெய்ய வேண்டியது ஓர் இரவிலே கொட்டியது. தேசியப் பேரிடர் என்று அறிவியுங்கள் என்று தமிழ்நாடு கேட்டது. அப்படி அறிவிக்கும் வழக்கமே இல்லை என்று ஒன்றிய நிதியமைச்சர் சொன்னார். மாநிலம் கேட்ட தொகை ரூ.37,900 கோடிக்கு மேல். வழக்கு உச்சநீதிமன்றம் வரை போன பிறகு, 2024 ஏப்ரலில் விடுவிக்கப்பட்டது ஏறத்தாழ ரூ.276 கோடி.

தேசியப் பேரிடர் என்ற சொல் இல்லையாம். சரி! வேறு என்ன சொல் இருக்கிறது? 'கடுந்தன்மை வாய்ந்த பேரிடர்' என்று ஒரு சொல் இருக்கிறது. 2018 கேரள வெள்ளத்துக்கு அந்தச் சொல் கிடைத்தது. 2024 சூலை 30-ஆம் நாள் வயநாட்டில் மலை சரிந்து இருநூறுக்கும் மேற்பட்டோர் மண்ணுக்குள் போனார்கள். அது கடுந்தன்மை வாய்ந்ததுதான் என்று டில்லி எழுதிக் கொடுக்க டிசம்பர் கடைசி ஆயிற்று. மலை சரிய எத்தனை நேரம் ஆயிற்று? ஒரே இரவு. சொல் வர? ஐந்து மாதம்!

அணை தோற்றதாம்!

நம் ஊர்க் கதை ஒன்று. பழனி மலைத்தொடரிலிருந்து இறங்கி, திண்டுக்கல் சமவெளி வழியே ஓடி, அமராவதியில் கலக்கும் குடகனாற்றின் குறுக்கே, வேடசந்தூர் அருகே அழகாபுரியில் அணை கட்டினார்கள். 1977-ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில் அது உடைந்தது. ஐந்து மதகுக் கதவுகள். வெள்ளம் ஏற ஏறக் கதவுகளைத் தூக்கினார்கள். பாதி தூக்குவதற்குள் மின்சாரம் நின்றது. மாற்று மின்னாக்கி வந்தது, பயனில்லை. கையாலே சுற்றித் தூக்கப் பார்த்தார்கள். தண்ணீர் கரையைத் தாண்டி மறுபக்கச் சரிவில் அருவியாக விழுந்தது, மண்ணை அரித்தது, 20 மீட்டர் முதல் 200 மீட்டர் வரை நீளமுள்ள உடைப்புகள் விழுந்தன.

பொறியாளர்களின் ஆங்கில நூல்களில் இதற்கு என்ன பெயர் தெரியுமா? 'ஃபெயிலியர்'. காரணம் 'ஓவர்டாப்பிங்'. அணை தோற்றுவிட்டதாம்! பள்ளிப் பிள்ளை கணக்கிலே தோற்றதுபோல! பொறியாளருக்கு அந்தச் சொல் தேவை. எந்தக் காரணத்தால் உடைந்தது என்று பிரித்தறிய உதவும் சொல் அது. அடுத்த அணையை இன்னும் திறமாகக் கட்ட அந்தச் சொல் வேண்டும். அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் கரையோரத்தில் ஆட்டையும் மாட்டையும் வீட்டையும் பறிகொடுத்தவனின் சொல் அதுவல்ல. "வாரிச் சுருட்டிக்கிட்டுப் போயிருச்சு" என்பது அவன் சொல். "குடி முழுகிப் போச்சு" என்பது அவன் சொல். அந்தச் சொல்லுக்கு எந்த அறிக்கையிலும் பத்தி இல்லை.

பத்தில் ஒன்றா, நான்கில் மூன்றா?

புயலுக்காவது பெயர் உண்டு. வெள்ளத்துக்காவது நாள் உண்டு. ஓசையில்லாமல், ஆண்டுக்கணக்கில் ஊர்ந்து வரும் அழிவுக்கு என்ன பெயர்?

திண்டுக்கல் பூட்டுக்குப் பெயர் பெற்றது, சுருட்டுக்குப் பெயர் பெற்றது, தோலுக்கும் பெயர் பெற்றது. தோல் பதனிடும் ஆலைகள் பலருக்குச் சோறு போட்டன, மறுக்கவில்லை. ஆனால் அவற்றின் கழிவுநீர் எங்கே போயிற்று? மண்ணுக்குள் போயிற்று. மண்ணிலிருந்து கிணற்றுக்குப் போயிற்று. 1996 ஆகஸ்டு 28-ஆம் நாள் உச்சநீதிமன்றம், வேலூர்க் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் தீர்ப்பளித்தது. ஐந்து மாவட்டத்துத் தோல் ஆலைகள் ஒவ்வொன்றும் ரூ.10,000 தண்டம் கட்ட வேண்டும் என்றது. அந்த ஐந்தில் ஒன்று, அன்று திண்டுக்கல் அண்ணா மாவட்டம் என்று பெயர் தாங்கிய நம் மாவட்டம். அந்தத் தீர்ப்பிலேயே ஒரு கணக்கு பதிவாகியிருக்கிறது. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களில் 13 ஊர்களில் ஆய்வு செய்தபோது, குடிக்கவும் பாய்ச்சவும் பயன்பட்ட 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தன!

இப்போது அந்த ரோமாபுரிச் சொல்லை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். பத்தில் ஒன்றைக் கொன்றால் 'டெசிமேட்'. இங்கே நான்கு கிணற்றில் மூன்று செத்திருக்கிறது. இதற்கு எந்தச் சொல்? 'அனைஹிலேட்' இல்லை, 'டெவஸ்டேட்' இல்லை. 'பொல்யூட்டட்' என்று எழுதினார்கள். மாசுபட்டதாம்! சட்டையில் கறை பட்டதுபோல, துவைத்தால் போய்விடும் என்பதுபோல!

சிறுமலைக்குப் போய்க் கேளுங்கள். விருப்பாச்சி மலைக்குப் போய்க் கேளுங்கள். புவிசார் குறியீடு பெற்ற மலைவாழையை முடிக்கொத்து நோய் தின்று தீர்த்த கதையைச் சொல்வார்கள். அசுவினிப் பூச்சி சுமந்து பரப்பிய அந்த நோய் தோப்புத் தோப்பாக அழித்தது. ஆங்கிலத்தில் அதன் பெயர் 'பஞ்சி டாப்'. ஏதோ பூங்கொத்து வைத்த கொண்டை போலத் தோன்றும் பெயர்! தோப்பைப் பறிகொடுத்தவன் சொல்லுவதோ, "பட்டுப்போச்சு" என்ற ஒரே சொல். பட்டுப்போன மரத்துக்கு மறுதளிர் இல்லை என்பதை அந்தச் சொல்லே சொல்லிவிடும்.

பெயரில்லாத கொடுமைக்குப் பெயரிட்டவன்

மனிதன் மனிதனைக் கூண்டோடு அழிப்பதற்கு 1944 வரை ஆங்கிலத்திலும் தனிச்சொல் இல்லை. கொலை என்றார்கள், படுகொலை என்றார்கள், காட்டுமிராண்டித்தனம் என்றார்கள். போலந்து நாட்டு யூத வழக்கறிஞர் ரபேல் லெம்கின் கிரேக்கத்தில் பாதியும் இலத்தீனில் பாதியும் எடுத்து 'ஜெனோசைடு' என்று புதிய சொல் செய்தார். நாம் இனப்படுகொலை என்கிறோம். நான்கே ஆண்டுகளில், 1948 டிசம்பர் 9-ஆம் நாள், ஐக்கிய நாடுகள் மன்றம் அந்தச் சொல்லை உலக ஒப்பந்தமாக ஏற்றது. தனி மனிதன் ஒருவன் செய்த ஒரு சொல், உலகச் சட்டமாயிற்று!

அதனால்தான் அந்தச் சொல்லைக் கண்டால் ஆட்சிகள் நடுங்குகின்றன. 1981-இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. எழுத்தையே அழிப்பது என்ற அந்தச் சொல்லுக்கு இதைவிட நேரான பொருள் வேறு எங்கே கிடைக்கும்? 2009-இல் வன்னியில் நடந்ததை இலங்கை அரசு 'மனிதாபிமான நடவடிக்கை' என்றது. ஐக்கிய நாடுகள் தலைமைச் செயலர் அமைத்த வல்லுநர் குழுவோ, 40,000 பொதுமக்கள் வரை மாண்டிருக்கலாம் என்று 2011-இல் எழுதியது. மனிதாபிமானத்துக்கு இத்தனை பிணமா? 2015 பிப்ரவரி 10-ஆம் நாள் வடக்கு மாகாண அவை, லெம்கினின் சொல்லையே எடுத்துத் தீர்மானம் போட்டது. அந்த ஒரு சொல்லை ஏற்பதா மறுப்பதா என்ற வழக்குத்தான் உலக மன்றங்களில் இன்னும் ஓயவில்லை.

நாம் செய்ய வேண்டியது

அகராதி படித்து அழுவதற்காக இதை எழுதவில்லை, தோழர்களே! புயல் மறுபடி வரும். வறட்சி மறுபடி வரும். கணக்கெடுக்க வருகிறவர்களும் வருவார்கள். கிராம நிர்வாக அலுவலர் நம் பகைவர் அல்லர். அவருக்குக் கொடுத்த படிவத்தில் இருக்கும் சொற்களில்தான் அவர் எழுத முடியும். ஆகவே அந்தச் சொற்கள் எவை என்று அவர் வருமுன்பே நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

முழுச் சேதத்துக்கும் பகுதிச் சேதத்துக்கும் என்ன வேறுபாடு, 15 விழுக்காடு எதற்கு, 33 விழுக்காடு எதற்கு என்பதை ஒவ்வொரு கிளையிலும், ஒவ்வொரு படிப்பகத்திலும் தமிழில் எழுதி ஒட்டுங்கள். இடிந்த சுவரை அகற்றுமுன் படம் எடுத்து வையுங்கள். அடங்கலில் உங்கள் பயிர் பதிவாகியிருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். பயிர் போன பிறகு பார்த்துப் பயனில்லை. உங்கள் வீட்டுக்கு எதிரே எந்தச் சொல் எழுதப்பட்டது என்று கேளுங்கள். தமிழிலே காட்டச் சொல்லுங்கள். தவறென்றால் வட்டாட்சியரிடம் எழுதிக் கொடுங்கள். கிராம சபையிலே தீர்மானமாகப் போடுங்கள். அங்கே உங்கள் சொல்லையே எழுதுங்கள். பாழ் என்றால் பாழ் என்றே எழுதுங்கள்.

ஆட்சியில் இருப்பவர்களுக்கும் ஒன்று. அது யாராக இருந்தாலும் சரி, நம்மவராகவே இருந்தாலும் சரி. டில்லியைப் பார்த்து 'எங்கள் அழிவைச் சிறுத்துக் காட்டாதே' என்று முழங்கும் வாய், வேடசந்தூர்க் குடிசையின் அழிவைச் சிறுத்துக் காட்டலாகாது. மேலே கேட்கும் நீதியைக் கீழே கொடுத்தால்தான் அந்தக் குரலுக்கு வலு உண்டு.

அழித்தவன் ஒரு பெயர் சொல்லுவான். அளந்தவன் ஒரு பெயர் சொல்லுவான். அவற்றுக்கெல்லாம் முன்னால் எழுதப்பட வேண்டிய பெயர் ஒன்று உண்டு: பறிகொடுத்தவன் சொல்லும் பெயர்!